ஓசி: வட சென்னை அன்பர்களின் கேள்விகளும் பதில்களும்

வண்ணாரப்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், ‘ஓசி’ என்னும் சொல்லைப் பற்றி அக்கம்பக்கத்தார் கேட்ட கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

இராயபுரம், கல்லூரி மாணவி: ஐயா, ஓசியும் இலவசமும் ஒரே பொருள் தருபவைதாமே?

இல்லை, அம்மா. இரண்டிலும் காசு கைமாறுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் இலவசம் என்பது பொருளைப் பற்றிய சொல்; ஓசி என்பது பெரும்பாலும் ஆளைப் பற்றிய சொல். கோயிலில் அன்னதானம் உண்டவரை ஓசிச்சோறு தின்றவர் என்று யாரும் சொல்வதில்லை. அழைப்பில்லாத கல்யாணப் பந்தியில் அமர்ந்து இரண்டாம் முறை பாயசம் கேட்பவரைத்தான் அப்படிச் சொல்கிறோம். ‘ஓசியில் கொடுத்தால் பினாயிலையும் குடிப்பான்’ என்ற வசவிலும் இடிபடுபவன் குடிப்பவனே தவிர, கொடுப்பவன் அல்லன்.

தண்டையார்பேட்டை, தபால்தலை சேகரிப்பவர்: இச்சொல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தபாலிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்களே, அது சரிதானா?

பரவலாக வழங்கும் விளக்கம் அதுதான். கம்பெனியின் அலுவல் கடிதங்களில் ‘ஆன் கம்பெனீஸ் சர்வீஸ்’ என்று எழுதப்பட்டிருக்கும். அத்தகைய கடிதங்களுக்குத் தபால் கூலி கிடையாது. அந்தத் தொடரின் முதல் இரண்டு சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளே ‘ஓ.சி.’ ஆயின என்பார்கள். காலச் சூழல் இதற்கு இடம் கொடுக்கிறது. 1854இல் தூரம் எவ்வளவானாலும் அரையணா என்ற சீரான கட்டணமும் இந்தியா முழுமைக்குமான தபால்தலையும் வரும்வரை, எடைக்கும் தூரத்துக்கும் ஏற்பக் கூலி ஏறிக்கொண்டே போனது. சாதாரண மனிதருக்குக் கடிதம் என்பதே செலவு பிடித்த காரியமாக இருந்த நாளில், மேலே சில சொற்கள் எழுதியிருந்தால் போதும், கூலியில்லாமல் போகும் என்ற சலுகை ஊரார் கண்ணை உறுத்தியிருக்கும். 1858இல் கம்பெனி ஆட்சி முடிந்த பின் உறைகளில் அரசியின் பெயரால் வேறு தொடர் வந்தது. 1866 முதல் அலுவல் தபாலுக்கு ‘சர்வீஸ்’ என்று மேலச்சிட்ட தபால்தலைகள் வந்தன. அவற்றில் சில தங்கள் சேகரிப்பிலேயே இருக்கக்கூடும்.

இருந்தும் இவ்விளக்கத்தில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. மூன்று சொற்களின் முதலெழுத்துகள் ‘ஓ.சி.எஸ்.’ என்றல்லவா ஆக வேண்டும்? பேச்சில் கடைசி எழுத்து உதிர்வது இயல்புதான் என்று சமாதானம் சொல்லலாம். ஆகவே இதைப் பொருத்தமான கதை என்று ஏற்கிறேன்; முடிந்த முடிபு என்று சொல்லத் துணியமாட்டேன்.

வியாசர்பாடி, பள்ளி மாணவன்: ‘ஓசி காஜி’யில் வரும் ஓசியும் இதுதானா, சார்?

இதேதான், தம்பி. நம் தெருக் கிரிக்கெட்டில் காஜி என்றால் மட்டை பிடிக்கும் முறை. பந்தும் வீசாமல், பந்து பொறுக்கவும் ஓடாமல் மட்டை மட்டும் பிடிப்பது ஓசி காஜி. காசே இல்லாத இடத்திலும் இச்சொல் பொருந்துவதைக் கவனி. உழைப்பும் ஒரு விலைதான் என்பதைத் தெருப் பையன்கள் நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள்.

கொருக்குப்பேட்டை, கடை வைத்திருப்பவர்: தண்டச்சோறு, ஓபி, மாமூல், கொசுறு எல்லாம் ஓசிக்கு உறவுதானே?

உறவுதான் என்றாலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் அல்ல. வேலைக்குப் போகாத மகனை அப்பா திட்டுவது தண்டச்சோறு. அவனே நண்பன் வீட்டில் நாள்தோறும் சாப்பிட்டால் ஓசிச்சோறு. ஓபி அடிப்பவன் பிறர் பொருளைத் தொடுவதில்லை, தன் வேலையைத்தான் ஏய்க்கிறான். மாமூல் என்ற அரபுச் சொல்லுக்கு ‘வழக்கமானது’ என்பதே பொருள். அதிகாரமோ மிரட்டலோ உள்ளவன் வழக்கமாக வசூலிப்பது என்று இங்கே சுருங்கிவிட்டது. ஓசி கேட்பவனிடம் ‘இல்லை, போ’ என்று சொல்லிவிடலாம். மாமூல் கேட்பவனிடம் அப்படிச் சொல்ல முடியாது என்பது கடைக்காரராகிய தங்களுக்குத் தெரியாததன்று. கொசுறு இவற்றில் சேராது. காய்கறியோடு கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் அள்ளிப் போடுவது வாடிக்கையைக் காக்கும் வணிக மரியாதை. தெலுங்கிலும் அது ‘கொசரு’தான்.

எண்ணூர், அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்: ஒதுக்கீட்டுப் பட்டியலில் வரும் ‘ஓ.சி.’?

அது பொதுப் போட்டியைக் குறிக்கும் சுருக்கம். தமிழ்நாட்டில் 69 விழுக்காட்டு ஒதுக்கீடு போக எஞ்சும் 31 விழுக்காடு. எழுத்து ஒன்றே தவிர வேறு தொடர்பில்லை.

திருவொற்றியூர், தையல் வேலை செய்பவர்: பேருந்தில் கட்டணமில்லாமல் போகும் எங்களை ‘ஓசி டிக்கெட்’ என்கிறார்கள். வருத்தமாக இருக்கிறது, ஐயா.

வருந்துவது நியாயமே. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர்; அந்தத் தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுசெய்கிறது; சோப்பு வாங்கினாலும் நூல்கண்டு வாங்கினாலும் வரி கட்டும் தாங்களும் அந்த அரசுப் பணத்தில் பங்குடையவர். 2022இல் அமைச்சர் ஒருவரே மேடையில் இப்பயணத்தை ‘ஓசி’ என்று சொல்லிக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். 2011க்குப் பின் அரசு வழங்கிய அரிசிக்கும் மடிக்கணினிக்கும் ‘விலையில்லா’ என்ற அடைமொழி போடப்பட்டதும் இத்தகைய கூச்சத்தைத் தவிர்க்கத்தான் என்பது என் எண்ணம். நண்பர்களுக்குள் ‘இன்னைக்கு உன் ஓசியில டீ’ என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்வது விளையாட்டு. முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்துச் சொல்வது வசவு. நடத்துநர் சொன்னாலும் அது வசவுதான்.

பெரம்பூர், அச்சகத்தில் பிழைதிருத்துபவர்: ‘ஓசி சோறு’ என்பதா, ‘ஓசிச்சோறு’ என்பதா?

கூலிப்படை, கேலிச்சித்திரம் போல ஒற்று மிகுத்து ‘ஓசிச்சோறு’ என்றே எழுதுங்கள். ‘ஓசி காஜி’க்கு மட்டும் ஒற்றுப் போட வேண்டாம், பையன்கள் சிரிப்பார்கள்.