இறக்க வளைவில் முன்சக்கரம் வழுக்குவது பற்றி

வணக்கம். மலைப்பாதைச் சைக்கிளில் சரளைக்கல் இறக்கத்தில் திரும்பும்போது முன்சக்கரம் வழுக்கி இரண்டு முறை விழுந்ததாகவும், அதன்பின் பின்பிரேக்கை மட்டுமே பிடிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். காயம் முழுவதும் ஆறிய பிறகே மீண்டும் மலைப்பாதைக்குச் செல்லுங்கள்.

முன்பிரேக்கைக் கைவிடுவது தீர்வன்று. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்தின் மீது சாய்வதால் வண்டியை நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி அதனிடமே உள்ளது. பின்சக்கரமோ எடை குறைந்து எளிதில் பூட்டிக்கொண்டு இழுபடும். ஆகவே வளைவுக்கு முன்பே, வண்டி நேராகச் செல்லும்போது, இரு பிரேக்குகளையும் ஒவ்வொரு விரலால் மெல்ல அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிடியைத் தளர்த்துங்கள்.

இருக்கையைத் தாழ்த்தி, பெடல்கள் தரைக்கு இணையாக இருக்க எழுந்து நின்று, முழங்கைகளை அகல மடக்கி, எடையைக் கால்களில் தாங்குங்கள். அச்சத்தில் உடலை அளவுக்கு மீறிப் பின்னே தள்ளினால் முன்சக்கரம் பிடிமானத்தை இழந்துவிடும்; நீங்கள் விழுந்ததற்கும் இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

தங்கள் 65 கிலோ எடைக்கு 2.2 அங்குல டயரில் 40 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) காற்று மிகுதி. முதலில் 30க்கு இறக்கி, பிறகு இரண்டிரண்டாகக் குறைத்துப் பாருங்கள். உள்ளே ட்யூப் இருப்பதால், சக்கரத்தின் விளிம்பு கல்லில் இடிக்கத் தொடங்கினால் அதற்கும் கீழே போகவேண்டாம்.