கரேரா ஜிடி ஆபத்தான காரா? முதலில் டயரின் வயதைப் பாருங்கள்

கேள்வி: 2005 மாடல் போர்ஷே கரேரா ஜிடி ஒன்று விலைக்கு வருகிறது. அதிகம் ஓடாத வண்டி. 'ஆளைக் கொல்லும் கார்' என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா?

பதில்: பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் இறந்தது இந்த மாடல் காரில்தான். ஓட்டியவர் அவருடைய நண்பர். இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை, மணிக்கு 130 முதல் 150 கி.மீ. வேகம்தான் காரணம் என்றது விசாரணை. கூடவே இன்னொன்றையும் சொன்னது: டயர்கள் 9 வருடப் பழசு.

நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த டயர் விஷயத்தைத்தான். அதிகம் ஓடாத வண்டி என்கிறீர்களே, எனக்கு அதுதான் கவலை. டயரின் பட்டன் (தரையைத் தொடும் வரிப்பள்ளங்கள்) புதுசு போலவே இருக்கும்; ஆனால் நின்ற இடத்திலேயே ரப்பர் இறுகிப் பிடிமானம் போயிருக்கும். டயரின் பக்கவாட்டில் 'டிஓடி' என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி 4 இலக்கங்களைப் பாருங்கள். 2305 என்றிருந்தால் 2005ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. வெளிப்பக்கம் இல்லையென்றால் உள்பக்கம் இருக்கும். குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். 6 வருடம் தாண்டியிருந்தால் நான்கையும் மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 612 குதிரைசக்தி இன்ஜின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. எடை நடுவில் குவிந்த கார் சட்டென்று திரும்பும், அதே வேகத்தில் சுழன்றும் விடும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நிற்காமல் தடுக்கும் ஏபிஎஸ் உண்டு, வேகமெடுக்கும்போது சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் உண்டு. ஆனால் வளைவில் பின்பக்கம் வழுக்கும்போது தானாகவே பிரேக் பிடித்துக் காரை நேராக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இதில் கிடையாது. பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்னால் பாய்ந்து, பின் டயர்கள் இன்னும் பிடி விடும். இன்றைய கார்களில் பழகிய கால் அதைத்தான் முதலில் செய்யும். அதனால் சாலைக்கு வருமுன் ஒரு பயிற்சியாளரோடு மூடிய டிராக்கில் பழகியே ஆக வேண்டும்.

மோதல் சோதனை செய்து காரின் பாதுகாப்புக்குத் தரும் நட்சத்திர மதிப்பெண்ணைத் தேடி அலையாதீர்கள். மொத்தமே சுமார் 1,270 கார்கள்தான் செய்தார்கள், இப்படிப்பட்ட கார்களைப் பொதுவாக அந்த மோதல் சோதனைகளுக்கு எடுப்பதில்லை.

அப்புறம், 2023இல் சஸ்பென்ஷன் (சக்கரங்களைக் காரோடு பிணைக்கும் அமைப்பு) இணைப்புகள் உடையலாம் என்று போர்ஷே இந்தக் கார்களைத் திரும்ப அழைத்தது. மாற்றும்வரை ஓட்டவே வேண்டாம் என்றது. அந்த வேலை முடிந்ததற்கான ஆவணத்தைக் கேளுங்கள். இல்லை என்றால் ஓட்டிப் பார்க்கவும் சம்மதிக்காதீர்கள், லாரியில் ஏற்றி சர்வீஸுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.