மஞ்சள் காமாலைக்குப் பத்தியக் கஞ்சி மட்டும் போதுமா?

குடியாத்தத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். தம்பிக்கு ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் வைரஸ் தொற்று, ரத்தத்தில் மஞ்சள் நிறத்தைக் காட்டும் பிலிரூபின் அளவு 8. வீட்டில் உப்பில்லாக் கஞ்சி மட்டும் கொடுக்கிறார்கள், அத்தை அஸ்வகந்தா மாத்திரை வாங்கி வந்திருக்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அந்த மாத்திரையை எடுத்து வையுங்கள். அஸ்வகந்தாவாலேயே சிலருக்குக் கல்லீரல் வீங்கி மஞ்சள் காமாலை வந்தது பதிவாகியிருக்கிறது. சீந்தில் பொடி, மஞ்சள் சத்து மாத்திரை, ஜிம் பவுடர் எல்லாமே இப்போதைக்கு வேண்டாம். குழம்பில் போடும் மஞ்சள்தூள் பரவாயில்லை. டாக்டர் எழுதாத இரும்புச்சத்து, வைட்டமின் ஏ மாத்திரைகளும் கூடாது. காய்ச்சல் என்றால் பாராசிட்டமால்கூட அவரிடம் அளவு கேட்டுத்தான். நாட்டு மருந்து ஏதாவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கஞ்சி மட்டும் கொடுத்தால் உடம்பு இளைத்துப்போகும். வயிற்றில் நீர் கோத்திருந்தால்தான் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். இட்லி, பருப்பு சாதம், மோர், வெந்த முட்டை எல்லாம் தரலாம். குமட்டல் இருக்கும்வரை ஆம்பூர் பிரியாணி மாதிரி எண்ணெய் மிதப்பதைத் தவிருங்கள். காலையில் பசி கொஞ்சம் நன்றாக இருக்கும், அப்போது நிறையக் கொடுங்கள். சாராயம், பீர் ஒரு சொட்டும் கூடாது. வீட்டில் எல்லோரும் கொதிக்கவைத்த தண்ணீரே குடியுங்கள்.

பேச்சு குழறினாலோ, பகலெல்லாம் தூங்கினாலோ, ரத்தம் கசிந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வேலூர் சிஎம்சியில் கல்லீரலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. அப்புறம், வீட்டில் கர்ப்பிணி யாராவது இருக்கிறார்களா? இருந்தால் அவர்களையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.