தேதி அசையாது, பட்டியல் அசையலாம்

கேள்வி: ஐ.டி. நிறுவனம் ஒன்றின் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பிராஜெக்ட் மேனேஜர்கள் எல்லோரும் பதினைந்து, இருபது வருட அனுபவஸ்தர்கள். கிளையன்ட்கள் பெரும்பாலும் பிரிட்டன் அரசுத் துறைகள். கட்டம் கட்டமாகத் திட்டமும் அறிக்கையும் கேட்கிறார்கள். சின்னச் சின்னத் துண்டாகச் செய்து காட்டி, கருத்துக் கேட்டு மாற்றிக்கொண்டே போகும் அஜைல் முறையிலும் வேலை நடக்க வேண்டுமாம். மேனேஜர்களை, அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரம் பற்றிய இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பினோம். சான்றிதழ் வந்தது, வேறெதுவும் மாறவில்லை. டீம் அன்றைய வேலையைச் சுருக்கமாகப் பேசிக்கொள்ள வேண்டிய காலை ஸ்டாண்ட்-அப் கூட்டம் முக்கால் மணி நேர விசாரணையாக நடக்கிறது. "இதுல மேனேஜருக்கு இடமே இல்லையே, என்னை எதுக்கு அனுப்பினீங்க?" என்று சீனியர் ஒருவர் கேட்டேவிட்டார். அடுத்து எந்தப் பயிற்சி கொடுக்கலாம்?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: அந்த சீனியர் வகுப்பை ஒழுங்காகக் கவனித்திருக்கிறார். ஸ்க்ரம் கையேட்டில் மூன்றே பொறுப்புகள்: எது முதலில் வேண்டும் என்று முடிவுசெய்யும் புராடக்ட் ஓனர், முறை சரியாக நடக்க உதவும் ஸ்க்ரம் மாஸ்டர், உருவாக்கும் டெவலப்பர்கள். பிராஜெக்ட் மேனேஜர் என்ற சொல்லே அதில் கிடையாது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி அஜைல் கொள்கை அறிக்கையை எழுதியபோது, மென்பொருளை எப்படி நன்றாக உருவாக்குவது என்பதுதான் அவர்கள் கவலை. பணத்துக்கு யார் கையெழுத்துப் போடுவது, திட்டத்தை எப்போது நிறுத்துவது என்பதற்குள் அவர்கள் போகவில்லை. இருபது வருடம் அதையே செய்தவரை அந்த வகுப்பில் உட்கார வைத்தால், தன் வேலை போய்விட்டது என்றுதான் அவர் காதில் விழும். ஆபீஸ் திரும்பியதும் தனக்குத் தெரிந்த ஒரே வழியில், கேள்வி கேட்டுக் கேட்டு, தன் இருப்பைக் காட்டிக்கொள்வார்.

உங்கள் கிளையன்ட்கள் கேட்பது ஒன்றும் விசித்திரம் இல்லை. பிரின்ஸ்2 என்ற திட்ட மேலாண்மை முறை 1996-இல் பிரிட்டன் அரசிலிருந்தே வந்தது. அதன் சட்டகத்துக்குள் அஜைலை எப்படிப் பொருத்துவது என்பதற்கு 2015-இல் பிரின்ஸ்2 அஜைல் வந்தது. உங்களுக்குப் பொருத்தம் அதுதான். ஆனால் உடனே வகுப்புக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

முதலில் உங்கள் ஆட்களுக்கு ஒன்று உறைக்க வேண்டும். நேரம், செலவு, தரம், வேலையின் அளவு, பலன், ரிஸ்க், நீடித்த தன்மை (சஸ்டெயினபிலிட்டி) என்று ஏழு விஷயங்களை பிரின்ஸ்2 கண்காணிக்கிறது. நம் பழக்கம் என்ன? செய்யவேண்டிய பட்டியலை ஆணி அடித்துவிடுவோம். தாமதமானால் தேதியைத் தள்ளுவோம். தள்ள முடியாவிட்டால் டெஸ்டிங்கில் கை வைப்போம். பிரின்ஸ்2 அஜைல் இதைத் தலைகீழாகப் போடுகிறது. தேதியும் செலவும் அசையாது. பட்டியலில் முக்கியம் குறைந்தவை கழன்றுகொள்ளலாம். இதை நம்பாத மேனேஜர் வருடம் முழுக்க ஸ்பிரின்ட் என்ற குறுகிய வேலைச் சுற்றுகளை ஓட்டினாலும், பழைய பிளானை இரண்டிரண்டு வாரமாக நறுக்கிவைத்ததாகத்தான் இருக்கும்.

நம்ப வைப்பது எப்படி? பாடப்புத்தக உதாரணம் வேண்டாம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிராஜெக்ட்டின் தேவைப் பட்டியலை மேஜையில் வையுங்கள். கிளையன்ட் தரப்பில் முடிவெடுக்கக்கூடிய ஒருவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியையும் கட்டாயம், இருக்க வேண்டும், இருந்தால் நல்லது, இந்த முறை இல்லை என்று பிரிக்கச் சொல்லுங்கள். டி.எஸ்.டி.எம். என்ற அஜைல் முறைக்காரர்கள் இதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: 'கட்டாயம்' என்பது மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதல் சுற்றில் அநேகமாக எல்லாமே கட்டாயம் என்றுதான் வரும். வரட்டும். பிறகு ஒவ்வொன்றுக்கும், "ரிலீஸ் அன்னிக்கு இது தயாராகலைன்னா ரிலீஸையே நிறுத்திடுவீங்களா?" என்று கேளுங்கள். சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். பயிற்சியாளர் அவசரப்பட்டு சமாதானம் பேச வேண்டாம்; மேனேஜர்கள் அந்தச் சண்டையை நடத்தப் பழகுவதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

மேனேஜரின் இடமும் அங்கேயே தெரிந்துவிடும். பிரின்ஸ்2-வில் அவருக்கு மேலே இருக்கும் திட்டக் குழு, திட்டத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்று அவருக்கு ஒரு வரம்பு கொடுக்கிறது. அதைத் தாண்டும் அறிகுறி தெரிந்தால்தான் அவர் மேலே போக வேண்டும். அதே மரியாதையை அவர் டீமுக்கும் தர வேண்டும். 'இந்த வேலை, இந்த எல்லை' என்று ஒப்படைத்துவிட்டால், உள்ளே யார் எதை எப்போது செய்வது என்பது டீமின் பாடு. ஒப்பந்தம், பணம், பிற டீம்களிடமிருந்து வரவேண்டியவை, கிளையன்ட்டின் மேலதிகாரி எல்லாம் அவர் பாடு. இதுவே முழுநேர வேலைதான். ஸ்டாண்ட்-அப்பில் சில வாரங்களுக்கு அவர் வாயே திறக்கக் கூடாது என்று விதி போடுங்கள். 15 நிமிடத்தில் முடியட்டும். நிலவரம் வேண்டுமென்றால், எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் போர்டைப் பார்த்துக்கொள்ளட்டும்.

மேலிருக்கும் திட்டக் கட்டுப்பாட்டையும் கீழே நடக்கும் அஜைலையும் சேர்க்கும் மூட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் கிளையன்ட் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. பிரிட்டனின் யுனிவர்சல் கிரெடிட் திட்டம் பல நலத்தொகைகளை ஒன்றாக்கும் மாபெரும் வேலை. அதை அஜைல் முறையில் தொடங்கினார்கள். 2013 செப்டம்பரில் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் அறிக்கை வெளியிட்டபோது, 3.4 கோடி பவுண்டு மதிப்புள்ள ஐ.டி. வேலை வீண் என்று கணக்கிலிருந்து கழிக்கப்பட்டிருந்தது. ஏற்கெனவே இருந்த ஒப்பந்தங்களோடும் மேற்பார்வை அமைப்புகளோடும் அஜைலைப் பொருத்துவதில் துறை திணறியதாக அறிக்கை சொன்னது. அஜைலே தப்பு என்று இதைக் காட்டிப் பேசுபவர்கள் உண்டு. நான் அதை அப்படிப் புரிந்துகொள்ளவில்லை; பொருத்தும் மூட்டு இல்லாததுதான் தப்பு. உங்கள் மேனேஜர்கள் அந்த அறிக்கையை ஒரு மதியம் உட்கார்ந்து படிக்கட்டும்.

அதற்கு முன் இன்னொன்று. எந்த பிராஜெக்ட் இதற்குத் தோதுப்படும் என்று பார்க்க பிரின்ஸ்2 அஜைலில் அஜைலோமீட்டர் என்று ஆறு அளவைகள் உண்டு. சராசரி போடாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பேச்சுத்தொடர்பு எவ்வளவு எளிது என்பதில் உங்களுக்கு மதிப்பெண் குறையலாம். லண்டனுக்கும் சென்னைக்கும் கோடையில் நாலரை மணி நேரம், குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். சேர்ந்து பேசக் கிடைக்கும் நேரத்தை முன்கூட்டியே காலண்டரில் பூட்டி வைக்க வேண்டும். தேவைகள் ஒவ்வொரு வரியாக ஒப்பந்தத்தில் ஏறி, விலையும் நிலையாகிவிட்ட பிராஜெக்ட் என்றால் விட்டுவிடுங்கள். அங்கே கழற்ற எதுவும் இல்லை; அதை அஜைல் என்று அழைப்பது மேனேஜருக்குச் செய்யும் துரோகம்.

உங்கள் டெலிவரி ஹெட்டையும், ஒப்பந்தம் பேசும் விற்பனைப் பிரிவினரையும் குறைந்தது அரை நாளாவது அந்த அறையில் உட்கார வையுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் 'எத்தனை சதவீதம் முடிந்தது' என்று எக்செல் கேட்கும் மேலதிகாரி மாறாவிட்டால், கீழே இருப்பவர் திங்கட்கிழமை ஸ்டாண்ட்-அப்பில் அதைத்தான் கேட்பார்.

பிரின்ஸ்2 அஜைல் சான்றிதழா? ஒரு கட்டத்தையாவது இப்படி நடத்தி முடித்த பிறகு, விருப்பமுள்ளவர்கள் எழுதட்டும். ஏற்கெனவே பி.எம்.பி. என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழ் வைத்திருப்பவர்களை அவசரப்படுத்தாதீர்கள், 2021 முதல் அந்தத் தேர்விலேயே ஏறக்குறைய பாதி, அஜைலும் கலப்பு முறைகளும்தான். தேர்வுக் கட்டணத்தை மட்டும் நிறுவனமே கட்ட வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.