காலை 7.15 டெல்லிச் செய்தி

கேள்வி: இந்திரா காந்தி சுடப்பட்ட செய்தியை எங்கே, எப்படிக் கேட்டேன் என்பது எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. 1984 அக்டோபர் 31. திண்ணையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு சவரம் செய்துகொண்டிருந்தேன். ரேடியோவில் காலை 7.15 டெல்லிச் செய்தி, சரோஜ் நாராயணசுவாமியின் குரல். கேட்ட அதிர்ச்சியில் பிளேடு கன்னத்தைக் கிழித்துவிட்டது. இதைப் போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் சொன்னபோது, "கதை விடாதீங்க அத்தான்" என்று என் மைத்துனர் பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டார். யார் சொல்வது சரி? அதை விடுங்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு நினைவாவது இருக்குமா? யார் செத்தாலும் செல்போனில் ஒரு அழுகிற பொம்மையைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.
- மன்னார்குடி வாசகர்

பதில்: மைத்துனர் சொல்வதுதான் சரி. அன்று காலை 7.15 மணிக்கு இந்திரா காந்தி நலமாக இருந்தார். பேட்டி எடுக்க வந்திருந்த பிரிட்டிஷ் நடிகர் பீட்டர் உஸ்தினோவைச் சந்திப்பதற்காக, சப்தர்ஜங் ரோடு வீட்டிலிருந்து பக்கத்திலேயே அக்பர் ரோட்டில் இருந்த அலுவலகத்துக்கு நடந்து போகும்போது அவருடைய காவலர்கள் இருவர் அவரைச் சுட்டார்கள். அப்போது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. எய்ம்ஸ் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்த செய்தியை ஆல் இந்தியா ரேடியோ மாலை வரை அறிவிக்கவில்லை. அதற்கு வெகு முன்பே பிபிசி சொல்லிவிட்டது. மேற்கு வங்கத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த ராஜீவ் காந்தியே பிபிசியைக் கேட்டுக்கொண்டுதான் திரும்பினார். நடந்து முடிந்ததையே மாலை வரை சொல்லாமல் வைத்திருந்த வானொலி, நடக்கப் போவதை இரண்டு மணி நேரம் முன்னதாக உங்களுக்கு மட்டும் சொல்லியிருக்காது.

அதற்காக நீங்கள் கதை விடுகிறீர்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். பிளேடு கிழித்தது நிஜமாக இருக்கலாம், ஆனால் நவம்பர் 1-ஆம் தேதி. என் ஊகம் இதுதான்: முதல் நாள் பகலில் கடைத்தெருவிலோ ஆபீசிலோ யாரோ சொல்லித்தான் உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும். அரைகுறைச் செய்தி, ஆளுக்கு ஒரு விதமான பேச்சு. மறுநாள் காலை, தினமும் உட்காரும் அதே திண்ணையில், தினமும் கேட்கும் அதே குரலில் முழு விவரமும் வந்திருக்கும். கடைத்தெருப் பேச்சு மறந்துவிட்டது. குரலும் ரத்தமும் தங்கிவிட்டன. தேதி மட்டும் ஒரு நாள் முன்னுக்கு நகர்ந்துவிட்டது.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. 1986 ஜனவரி 28-ஆம் தேதி அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வானிலேயே சிதறி, கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை உட்பட ஏழு பேர் இறந்தார்கள். மறுநாள் காலையே எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களிடம் காகிதத்தைக் கொடுத்து, செய்தியை எங்கே, யார் சொல்லி, என்ன செய்துகொண்டிருந்தபோது கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். சுமார் இரண்டரை வருடம் கழித்து அவரும் நிக்கோல் ஹார்ஷும் அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். முதலில் எழுதியதோடு எல்லா முக்கிய விவரங்களும் ஒத்துப்போனது மூன்று பேருக்குத்தான். பதினோரு பேருக்கு ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. வகுப்பில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டதாக முதலில் எழுதிய ஒரு மாணவி, விடுதி அறையில் தோழியோடு டிவியில் பார்த்ததாகப் பிறகு சொன்னார். தப்பாகச் சொன்னவர்களில் பலர் அடித்துச் சொன்னார்கள். அவரவர் கையெழுத்தில் இருந்த பழைய தாளை எடுத்துக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. அந்த மாணவர்களுக்கு ஆனது இரண்டரை வருடம், உங்களுக்கு நாற்பது. உங்களிடம் காகிதமும் இல்லை.

இதில் சொல்லிச் சொல்லிப் பழகுவதற்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கொஞ்சம் சீராகும், கொஞ்சம் அழகாகும். 1987 டிசம்பர் 24 அதிகாலை எம்.ஜி.ஆர். இறந்தார். அன்றைக்கு ராஜாஜி ஹாலுக்குப் போய் உடலைப் பார்த்ததாக என்னிடம் சொன்னவர்கள் எல்லோரும் உண்மையிலேயே போயிருந்தால், மவுண்ட் ரோடு இன்றுவரை நெரிசலில் நின்றுகொண்டிருக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 7.15 மணி அல்ல. திண்ணை இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, கன்னம் இருக்கிறது. நவம்பர் முதல் மூன்று நாட்கள் இல்லை. இந்திரா காந்தியின் உடல் தீன்மூர்த்தி பவனில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தபோதே, திரிலோக்புரியிலும் மற்ற குடியிருப்புகளிலும் சீக்கியர்களை வீட்டிலிருந்து இழுத்துப் போட்டுக் கொளுத்தினார்கள். டெல்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அரசு அமைத்த குழுவே கணக்குச் சொன்னது. அந்தச் செய்தி வந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று உங்களை யாரும் எந்தக் கல்யாண வீட்டிலும் கேட்டிருக்க மாட்டார்கள். என்னையும் கேட்டதில்லை.

யார் மரணம் யாருக்கு இப்படிப் பதிகிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1977-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் என்ற இருவர் 40 வெள்ளை அமெரிக்கர்களிடமும் 40 கறுப்பின அமெரிக்கர்களிடமும் பல தலைவர்களின் மரணம் பற்றிக் கேட்டார்கள். கென்னடி என்றதும் ஏறக்குறைய எல்லோருக்கும் தாங்கள் இருந்த இடம் நினைவிருந்தது. மார்ட்டின் லூதர் கிங் என்றபோது கறுப்பினத்தவரில் 30 பேருக்கு நினைவிருந்தது, வெள்ளையரில் 13 பேருக்குத்தான். நம்மவர் என்று மனதில் வைத்திருக்கிற ஆளுக்குத்தான் இந்தப் பதிவு.

சரி, பிள்ளைகள். உங்களுடைய தலைவர்கள் அவர்களுடைய தலைவர்கள் இல்லை என்பதை அவர்களுடைய மனக்குறையாக எழுதியிருக்கிறீர்கள். 2016 டிசம்பர் 5-ஆம் தேதி பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஜெயலலிதா இறந்துவிட்டதாக அன்று மாலையே சில டிவி சேனல்கள் சொல்லிவிட்டன. ராயப்பேட்டை கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது, மருத்துவமனை மறுத்ததும் திரும்ப ஏறியது. இரவு 11.30 மணிக்கு இறந்தார் என்ற அதிகாரபூர்வ அறிவிப்பு நள்ளிரவைத் தாண்டித்தான் வந்தது. ஒரே நாளில் ஒரே மரணத்தை இரண்டு தடவை கேட்ட பிள்ளைகள் அவர்கள். கடையை மூடச் சொல்லி ஓடியவர்களையும், பஸ் கிடைக்காமல் நடந்து வந்த அப்பாவையும் அவர்களுக்கு நினைவிருக்கும். (1979 மார்ச்சில் ஜெயப்பிரகாஷ் நாராயண் இறந்துவிட்டார் என்று மக்களவையே அஞ்சலி செலுத்திவிட்டது. அவர் உயிரோடு இருந்தார். அந்த அக்டோபரில்தான் இறந்தார். அவசரம் செல்போனோடு பிறந்தது இல்லை.)

எஸ்.பி.பி. இறந்த 2020 செப்டம்பர் 25 வேறு மாதிரி. கொரோனா காலம். எங்கே இருந்தாய் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே பதில்தான்: வீட்டில். அந்தப் பொம்மையை அனுப்பியவர்கள் எழுந்து போய்க் கட்டிக்கொண்டு அழ அன்று பக்கத்தில் ஆள் இல்லை. அடுத்த அறையில் ஆன்லைன் வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது.

உங்கள் மகனிடம் எங்கே இருந்தாய் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு முதலில் யாருக்கு மெசேஜ் அனுப்பினாய் என்று கேளுங்கள். பழைய போனைத் தேடி எடுத்து, நேரத்தோடு காட்டுவான்.