நட்சத்திர அட்டையும் லஞ்சமும்: வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆறு வயது மகன் பல் துலக்கவும், நேரத்துக்குக் குளிக்கவும், இரவிலேயே பள்ளிப் பையை அடுக்கவும் ஃப்ரிட்ஜ் கதவில் ஓர் அட்டை ஒட்டி, வேலைக்கு ஒரு நட்சத்திரம் தருகிறேன். இருபது சேர்ந்தால் பரிசு. தங்கையை அடித்தால் ஒன்றைப் பிய்த்துவிடுவேன். முதலில் நன்றாக நடந்தது. இப்போது அட்டையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால் படம் வரைந்து வந்து, "இதுக்கு எத்தனை ஸ்டார்?" என்று கேட்கிறான். இது லஞ்சம் என்கிறார் மாமியார். நிறுத்திவிடலாமா?

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள சகோதரிக்கு,

அட்டை இருக்கட்டும், பிய்ப்பதை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள். பல் துலக்கிப் பெற்ற நட்சத்திரம் தங்கையை அடித்ததற்காகப் போய்விடுமென்றால், துலக்கியும் பயனில்லை என்றுதான் குழந்தைக்குத் தோன்றும். சண்டைக்கான கண்டிப்பு தனியே இருக்கட்டும். இருபது சேரும்வரை காத்திருப்பதும் அந்த வயதுக்கு அதிகம். அன்றைய மூன்றும் சேர்ந்தால் அன்றிரவே கூடுதலாக ஒரு கதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியாரின் அச்சத்திலும் நியாயம் உண்டு. அடம்பிடித்துத் தரையில் புரளும் பிள்ளையிடம் சாக்லேட்டை நீட்டினால், அது அடத்துக்குக் கொடுத்த கூலி. முன்பே பேசிவைத்து, வேலை முடிந்தபின் தருவது அப்படிப்பட்டதன்று.

எனக்குக் கவலை தருவது அந்தப் படம்தான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் நடத்தி 1973-ல் வெளியிட்ட ஆய்வில், இயல்பாகவே வரைய விரும்பிய குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்தபின் அதைக் கொடுத்தார்கள். பிறகு கவனித்தபோது, அவர்கள் தாமாக வரைந்த நேரம் மற்றக் குழந்தைகளுடையதில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. சொல்லாமல் திடீரெனச் சான்றிதழ் பெற்றவர்களிடம் இந்தக் குறைவு இல்லை. ஆகவே வரைதல், வாசிப்பு, விளையாட்டு என அவன் தானே விரும்பிச் செய்வது எதையும் அட்டைக்குள் கொண்டுவராதீர்கள்; அருகே அமர்ந்து, படத்தில் இருப்பது யார், என்ன செய்கிறார் என்று கேளுங்கள், அதுவே போதும். பல் துலக்குவதில் அவனுக்கு விருப்பமே இல்லாததால், அங்கே நட்சத்திரம் கெடுக்க எதுவுமில்லை.

நட்சத்திரம் ஒட்டும்போது "நல்ல பிள்ளை" என்று பொதுவாகச் சொல்லாமல், "நான் சொல்லாமலே பையை அடுக்கிவிட்டாயே" என்று செய்ததைச் சொல்லுங்கள். ஒரு வேலை சில வாரங்கள் நினைவூட்டாமலே நடந்தால், அவனிடம் சொல்லிவிட்டு அந்த வரியை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் பல் துலக்குவதுதான் முதலில் கைவரும். பை அடுக்குவதற்கு இன்னும் நாளாகலாம், அதற்காக அவனை அவசரப்படுத்த வேண்டாம்.