கன்ஸ்மோக்: அரை மணி நேரப் பகுதிகள் எங்கே?

'கன்ஸ்மோக்' என்ற பழைய அமெரிக்க வெஸ்டர்ன் தொலைக்காட்சித் தொடரின் ஆரம்பகால அரை மணி நேரப் பகுதிகள் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அதன் நாயகன் பெயரில், 'மார்ஷல் டில்லன்' என்று தேடிப் பாருங்கள். அந்த 1955–61 பகுதிகள் அந்தப் பெயரில் இருக்கலாம்.

காரணம் இதுதான். 1961இல் கன்ஸ்மோக் ஒரு மணி நேரத் தொடராக மாறியது. குழப்பம் வராமலிருக்க, பழைய பகுதிகளை அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் தொலைக்காட்சி 'மார்ஷல் டில்லன்' என்று பெயர் மாற்றி மறு ஒளிபரப்பு செய்தது. சில ஸ்ட்ரீமிங் சேவைகளில் இரண்டும் தனித்தனித் தொடர்களாக இருக்கலாம். 'கன்ஸ்மோக்' பக்கத்தில் சீசன் 7இலிருந்து தொடங்கினால், காரணம் இதுவாக இருக்கலாம்.

சரிபார்க்க ஒரு பகுதியை ஓட்டுங்கள். கறுப்பு வெள்ளை, சுமார் 26 நிமிடம், பூட் ஹில் என்ற இடுகாட்டின் கல்லறைகளுக்கு நடுவே டில்லன் தனியாகப் பேசிக்கொண்டே நடப்பார் என்றால், தேடியது கிடைத்துவிட்டது. எனக்கு மிகப் பிடித்த தொடக்கம் அது! எல்லாப் பகுதியிலும் வராது, ஆரம்ப சீசன்களில்தான். கலர் படம் வந்தால் அது 1966 அல்லது அதற்குப் பிந்தையது.

ஒன்று மட்டும்: உரிமம் நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறும். பணம் கட்டுவதற்கு முன் உங்கள் நாட்டுப் பட்டியலில் அந்த சீசன்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால் டிவிடி தொகுப்பு உண்டு.